பழைய கம்பியூட்டரில் எதை மாற்றுவது, எதை விடுவது?

சில நாட்களுக்கு முன் புத்தளத்திலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் கதைத்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "நானா, கடைக் கம்பியூட்டர் சரியாக இழுபடுகிறது. திருத்துகிற பொடியன் புதிது வாங்கச் சொல்கிறான். கையில் நாற்பதாயிரம்தான் இருக்கிறது. உள்ளதிலேயே எதையாவது மாற்றிச் சமாளிக்கலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை இப்போது நம்மில் பலர் கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 2024 ஜனவரியில் வாட் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. அதற்குப் பிறகு ஒரு சிறிய கடைக்குப் புதிய கம்பியூட்டர் என்பது யோசித்துச் செய்ய வேண்டிய செலவாகிவிட்டது. ஆகவே இருக்கிற பெட்டிக்குள் எதை மாற்றினால் பலன், எதை மாற்றினால் வீண் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

நான் கம்பியூட்டர் படித்தவன் அல்லன். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வியாபாரத்துக்கு வந்தவன். மருதனார்மடம் சந்திக்கு அருகே, காங்கேசன்துறை வீதியில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். சந்தைக்கு மரக்கறி கொண்டு வருகிற விவசாயிகள்தாம் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். இணுவில், உடுவில், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரர்கள். பைப், எல்போ, வால்வு, மண்வெட்டி என்று கடனுக்கு எடுத்துப் போவார்கள். வெங்காயம் கிண்டியதும் காசு வரும். ஆகவே என் கடையின் உயிர் இறாக்கையில் உள்ள சாமான்களில் பாதி என்றால், மறுபாதி கடன் கணக்கில் இருக்கிறது.

2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனா கொத்தணி ஏற்பட்டபோது சந்தையும் சுற்றியுள்ள கடைகளும் மூடப்பட்டன. கணக்குக் கொப்பி கடைக்குள், நான் வீட்டுக்குள். யார் எவ்வளவு தர வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டால்கூடச் சொல்ல முடியாத நிலை. அந்தச் சூட்டோடு 2021இல் பாவித்த கம்பியூட்டர் ஒன்றை வாங்கிக் கணக்கு முழுவதையும் அதற்குள் ஏற்றினேன். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜீ.பி. ரெம், 500 ஜீ.பி. ஹார்ட் டிஸ்க். பில் போடவும் கணக்கு வைக்கவும் அது போதுமாக இருந்தது. இரண்டு வருடத்தில் இழுபடத் தொடங்கியது.

நான் விட்ட முதல் பிழை

"ரெம் கூட்டினால் பறக்கும்" என்று ஒருவர் சொன்னார். 2023இல் 8 ஜீ.பி. ரெம் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் விடயம் தெரிந்தது. எனது பெட்டியில் போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ். அந்த வகை விண்டோஸ் எவ்வளவு ரெம் போட்டாலும் 4 ஜீ.பி.க்கு மேல் பாவிக்காது. பெரிய பீப்பா வாங்கி வைத்துவிட்டுச் சிறிய குழாயால் தண்ணீர் பிடித்த கதை. குற்றம் விற்றவருடையது அன்று. பெட்டிக்கு என்ன வருத்தம் என்று பார்க்காமல் மருந்து வாங்கியவன் நான்.

ஆகவே முதலாவது பாடம் இதுதான்: எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், பெட்டி எந்த இடத்தில் காத்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. கீபோட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சீ.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று கணக்குகள் வீதத்தில் காட்டும். கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில், பில் இழுபடும் அந்த நிமிடத்தில், எது 100 வீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

இந்த மூன்றையும் எங்கள் பாஷையில் சொல்வதென்றால், சீ.பி.யூ. கவுன்டரில் நின்று வேலை செய்கிற ஆள். மெமரி, அதாவது ரெம், அவருக்கு முன்னாலுள்ள மேசை. டிஸ்க் பின்னாலுள்ள களஞ்சிய அறை. ஆள் கெட்டிக்காரராக இருந்தாலும், ஒவ்வொரு ஆணிக்கும் களஞ்சியத்துக்குப் போய் வர வேண்டியிருந்தால் வாடிக்கையாளர் காத்துத்தான் நிற்பார். மேசை சிறிதாக இருந்தால் எடுத்த சாமானைத் திரும்பத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டிவரும். ஆள் மெதுவானவர் என்றால் மட்டுமே ஆளை மாற்றுவதில் பயன் உண்டு.

என் பெட்டியில் சீ.பி.யூ. 30 வீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் காலை முதல் 100 வீதத்தில் நின்றது. அதாவது எனக்கு ரெம் தேவைப்படவில்லை. களஞ்சியத்தைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. பெரும்பாலான மேசைக் கம்பியூட்டர்களில் அது நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும். ஒரு சிறிய ஊசி போன்ற கை, தகவல் இருக்கும் இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து வாசிக்க வேண்டும். இதனால் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை ஒரு வினாடிக்கு ஏறத்தாழ நூறு தடவைதான் எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது முழுவதும் மின்சில்லு. அதே வேலையை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். கம்பியூட்டர் தொடங்கும்போதும் பில் மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது இந்தச் சிறு சிறு வாசிப்புத்தான். பழைய பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் புதிது வாங்கியது போல் இருக்கிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

நான்காம் தலைமுறைப் பெட்டி என்றாலும் பயப்பட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் செருகியிருக்கும் அதே சாட்டா வயரில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யும் வேலை செய்யும். என்.வி.எம்.ஈ. என்ற வகை இன்னும் வேகமானது. ஆனால் அந்தக் காலத்து மதர்போட்களில் பெரும்பாலானவற்றில் அதற்கான இடம் இல்லை. கடைக் கணக்குக்கு சாட்டா வகையே தாராளம். 240 அல்லது 256 ஜீ.பி. போதும். படமும் பாட்டும் வைத்திருப்பவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

இதனால் என்ன இலாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பில். ஒவ்வொரு பில்லிலும் 40 வினாடி வீணாகக் காத்து நின்றால் 3,600 வினாடி. அது சரியாக ஒரு மணித்தியாலம். ஒரு வேலையாளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலச் சம்பளத்தைக் காத்து நிற்பதற்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் கணக்கை நான் போட்டது காலம் கடந்துதான்.

டிக், டிக் என்ற சத்தம்

2025 ஜூலையில் பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வரத் தொடங்கியது. மின்விசிறியில் வயர் தட்டுகிறதாக்கும் என்று இரண்டு கிழமை அதோடு வியாபாரம் செய்தேன். ஒருநாள் காலையில் பெட்டி எழும்பவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைசியாகக் கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்தது ஜனவரியில். ஆறு மாதக் கடன் கணக்கு அதோடு போனது.

என் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, வாப்பாவின் கடன் கொப்பி ஐந்து சந்தியிலிருந்த கடை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. எதைக் கையோடு எடுத்துப்போகலாம் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வாப்பா விரல்விட்டு ஆட்களின் பெயர்களையும் தொகைகளையும் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் நிற்கிறது. கடனை எழுதி வையுங்கள் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. எழுதியதை ஓர் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது என்பதை நான் அப்போதே படித்திருக்க வேண்டும். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025இல் ஆயிரம் வழி இருந்தும் நான் செய்யவில்லை.

டிஸ்க் போன மூன்றாம் நாள் இணுவில் பக்கத்து வயதான தோட்டக்காரர் ஒருவர் சைக்கிளை வெளியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "நானா, உங்கட கொம்பியூட்டர் செத்துப் போச்சாம் எண்டு கேள்விப்பட்டன். என்ர கணக்கு பதினெட்டாயிரத்து நானூறு. இப்ப காசில்லை. வெங்காயம் கிண்டினாப் பிறகுதான். எழுதி வையுங்கோ" என்றார். அவரைப் போலப் பலர் தாமாக வந்து சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்களும் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் மறந்தார்கள், எத்தனை பேர் மறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருவரைச் சந்தேகிப்பதைவிட அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்வது மேல் என்று விட்டுவிட்டேன். மிஞ்சியிருந்த பில் கட்டைகளையும் ஆட்களின் வாயையும் வைத்துக் கணக்கைத் திரும்ப எழுத 19 நாள் எடுத்தது.

எந்தப் பாகம் கூட வரும்?

அதற்குப் பிறகுதான் நான் நிதானமாக ஒரு தாளை எடுத்து எழுதினேன். கையில் 40,000 ரூபா. பெட்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே ஒரு கேள்வி: "நாளைக்கு இந்தப் பெட்டியைக் கழித்துவிட்டு வேறு பெட்டி வாங்கினால், இந்தப் பாகம் என்னோடு வருமா?"

எஸ்.எஸ்.டி. வரும். யூ.பி.எஸ். வரும். மொனிட்டர், கீபோட், பிரின்டர் வரும். ஆனால் டீ.டீ.ஆர். 3 ரெம் வராது. டீ.டீ.ஆர். 3, 4, 5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாதவை. செருகும் இடத்திலுள்ள வெட்டே வேறு. நான்காம் தலைமுறைச் சீ.பி.யூ.வும் அதன் மதர்போட்டும் ஒன்றுக்கொன்று மட்டுமே உதவும். ஐ3ஐக் கழற்றிவிட்டு அதே தலைமுறை ஐ7 போடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். போட்டிருந்தால், அந்தக் காசு அந்தப் பெட்டியோடு சேர்ந்து செத்திருக்கும்.

இந்த ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தாலே இந்தக் கட்டுரையின் பயன் கிடைத்துவிட்டது. கூட வருகிற பாகத்துக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். பெட்டியோடு முடிந்துபோகிற பாகத்துக்கு, பழுது திருத்துவதற்கு மேல் ஒரு சதமும் போடாதீர்கள்.

விண்டோஸ் 11 என்ற எல்லைக்கோடு

பெட்டி எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிற இன்னொரு விடயம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அன்றோடு கம்பியூட்டர் நின்றுவிடாது. பூட்டு இருக்கும். ஆனால் கள்ளன் புதிய சாவி செய்தால் பூட்டை மாற்றித் தர ஆள் இல்லை. தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. அது அவகாசம் மட்டுமே, தீர்வாகாது.

விண்டோஸ் 11 எல்லாப் பெட்டிக்கும் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. தலைமுறையைக் கண்டுபிடிப்பது இலகு. ஐ3-4130 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 4 நான்காம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. குறுக்கு வழியில் பழைய பெட்டியிலும் ஏற்றித் தருவோம் என்று சொல்பவர்கள் உண்டு. கடன் கணக்கு இருக்கிற பெட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆகவே உங்கள் பெட்டி எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், அதற்குள் துணிந்து எஸ்.எஸ்.டி.யும் தேவையானால் ரெம்மும் போடுங்கள். இன்னும் பல வருடம் உழைக்கும். அதற்குக் கீழே என்றால், கூட வருகிற பாகங்களை மட்டும் வாங்கிவிட்டு மீதியைச் சேமியுங்கள். அதுவரை வங்கி வேலைகளை அந்தப் பழைய பெட்டியில் செய்யாதீர்கள்.

ரெம் எவ்வளவு வேண்டும்?

பில், கணக்கு, இணையம் என்ற அளவில் 8 ஜீ.பி. போதும். 4 ஜீ.பி.யோடு இழுபடுகிறவர்கள் 8க்குப் போனால் வித்தியாசம் தெரியும். 8 வைத்திருக்கிறவர் 16க்குப் போனால் கடை வேலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாங்கும் முன் செட்டிங்ஸ், சிஸ்டம், எபௌட் என்ற வழியில் போய் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். நான் கொடுத்த பாடசாலைக் கட்டணத்தை நீங்களும் கொடுக்க வேண்டாம்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியது. ரெம் சில்லுச் செய்யும் பெரிய நிறுவனங்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றும்தான். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் கேட்கும் சில்லுகளில் இலாபம் கூட என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். குரூஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தையே கைவிடுவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு தரவு மையம் கட்டினால் மருதனார்மடத்தில் ரெம் விலை ஏறுகிறது. எஸ்.எஸ்.டி.யும் சில்லுத்தான் என்பதால் அதன் விலையும் அசையும். ஆகவே நான் இங்கே விலை எழுதவில்லை. வாங்கும் அன்று மூன்று இடத்தில் கேளுங்கள். ரெம்மோடு சேர்த்து விற்கப்படும் பாவித்த பெட்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில வேளை தனி ரெம்மைவிட அதுவே கட்டுப்படியாகும்.

மின்சாரமும் செம்மண்ணும்

நாம் மறந்துவிடுகிற பாகம் யூ.பி.எஸ். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அது நெருக்கடிக் காலம் என்று விட்டாலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறைக் குரங்குக்கு யாழ்ப்பாணத்துக் கடையின் பில்லைக் கலைக்க முடியும் என்றால் யூ.பி.எஸ். ஆடம்பரம் அன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணக்குக் கோப்பே பழுதாகலாம். சிறு கடைக்கு 650 வீ.ஏ. போதும். வேலையைச் சேமித்துப் பெட்டியை ஒழுங்காக நிறுத்துவதற்குரிய சில நிமிடங்களைத் தரும். லேசர் பிரின்டரை அதில் செருகாதீர்கள், அது ஒரேயடியாக அதிக மின்சாரம் இழுக்கும். பழைய யூ.பி.எஸ். நிற்கவில்லை என்றால் முழுவதையும் எறியவும் வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பெற்றரிதான் முடிந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம். நான் செய்தது அதுதான்.

இன்னும் இரண்டு மலிவான வேலைகள். எங்கள் பகுதி செம்மண் பூமி. என் கடையில் அதோடு சீமெந்துத் தூசியும் சேர்கிறது. இது மின்விசிறியிலும் சீ.பி.யூ.வின் மேலுள்ள தகட்டிலும் படிந்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் சீ.பி.யூ. தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, புளோவரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு வாங்க வேண்டியது எதுவுமில்லை.

மற்றது, ஒவ்வொரு நாளும் காலையில் திகதி பிழையாகக் காட்டினால், மதர்போட்டிலுள்ள நாணயம் போன்ற சீ.ஆர். 2032 பெற்றரி முடிந்துவிட்டது என்று அர்த்தம். மிகச் சிறிய செலவு. ஆனால் கவனிக்காமல் விட்டால் இன்றைய பில்லில் பத்து வருடத்துக்கு முந்திய திகதி விழும். அந்தப் பில்லை வைத்து எந்தக் கணக்கையும் நிரூபிக்க முடியாது.

எதை வாங்க வேண்டாம்?

கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம். அது விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ வெட்டுகிறவர்களுக்கும் உரியது. மின்னும் பெட்டி வேண்டாம். இருக்கிற மொனிட்டர் தெரிந்தால் பெரிய மொனிட்டர் வேண்டாம். பெயரில்லாத மலிவு எஸ்.எஸ்.டி. வேண்டவே வேண்டாம். அங்கே மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரம் ரூபாவில் உங்கள் கடன் கணக்கு முழுவதையும் பணயம் வைக்கிறீர்கள். உத்தரவாதத் துண்டோடு, பில்லோடு வாங்குங்கள்.

பாவித்தது வாங்குவதானால், யாழ்ப்பாணத்திலோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, எங்கே வாங்கினாலும் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, அதன் உடல்நிலை என்ன என்று காட்டும். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மீற்றர் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

தவணைக் கட்டணத்துக்குப் புதிய பெட்டி தருவோம் என்பவர்களும் வருவார்கள். வட்டி நமக்கு ஆகாது என்பது ஒருபுறம் இருக்க, தனிக் கணக்காகப் பார்த்தாலும் அது சரிவராது. நாளுக்கு நாள் விலை இறங்குகிற சாமானுக்கு நாளுக்கு நாள் ஏறுகிற கடன் எதற்கு?

என் 40,000 என்ன ஆனது?

முதலில் எஸ்.எஸ்.டி. வாங்கினேன். 64 பிட் விண்டோஸை அதில் புதிதாகப் போட்டதும் 2023இல் வீணாகக் கிடந்த ரெம்மும் உயிர்பெற்றது. இரண்டாவதாக யூ.பி.எஸ். பெற்றரி. மூன்றாவதாக வெளியில் இருந்து செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, பிரதி எடுப்பதற்கு. நாலாவதாக சீ.ஆர். 2032 பெற்றரி. மீதியைத் தொடாமல் வைத்தேன். ஆறு மாதம் அதோடு சேர்த்து, 2026 ஆரம்பத்தில் டிஸ்க் இல்லாத பாவித்த எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். கணக்கைப் பிரதி எடுத்துவிட்டு, அதே எஸ்.எஸ்.டி.யை அதில் பூட்டி விண்டோஸ் 11 போட்டோம். மொனிட்டரும் யூ.பி.எஸ்.உம் பிரின்டரும் பழையவைதாம். அல்ஹம்துலில்லாஹ், கடை ஓடுகிறது.

கடைசியாக ஒன்று. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் எனக்கு இரண்டு கிழமை டிக், டிக் என்று சொல்லிப் பார்த்தது. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படிச் சொல்லாது, சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே எஸ்.எஸ்.டி. போட்டவருக்குப் பிரதி இன்னும் அவசியம். கடை பூட்டும் முன் ஒரு பிரதி வெளி டிஸ்க்கில். அந்த டிஸ்க் கடையில் இருக்கக் கூடாது, வீட்டுக்கு வர வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கம்பளையில் கடைகளுக்குள் புகுந்தது நமக்குத் தெரியும். கம்பியூட்டரும் அதன் பிரதியும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கிழமைக்கு ஒரு பிரதியை இணையத்திலும் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை கடன் நிலுவையை மட்டும் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

புத்தளத்துச் சகோதரருக்கு நான் சொன்ன ஒழுங்கும் இதுதான்: முதலில் பிரதி, அடுத்தது தூசி, அதன் பிறகு டாஸ்க் மனேஜர். டிஸ்க் 100 வீதம் என்றால் எஸ்.எஸ்.டி. மெமரி நிறைந்து நின்றால் 8 ஜீ.பி. வரை ரெம், அதுவும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டி என்றால் மட்டும். பிறகு யூ.பி.எஸ். மீதிக் காசு அடுத்த பெட்டிக்கு.

அவர் சிரித்துக்கொண்டு, "பிரதி எடுக்கக் காசு செலவில்லையே நானா" என்றார். "அதனால்தான் எல்லாரும் அதைக் கடைசிக்கு வைக்கிறோம்" என்றேன்.

இணுவில் தோட்டக்காரர் வெங்காயம் கிண்டியதும் பதினெட்டாயிரத்து நானூறையும் கொண்டுவந்து எண்ணித் தந்தார். அந்த வரவு இப்போது மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.